தரம்பார்த்தலில் 'ரீடிங் ஏறுமா, இறங்குமா?' – பிளஸ் டூ வேதியியலில் யோசிக்க வைக்கும் கேள்விகள்

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

பிளஸ் டூ வினாத்தாள் எல்லாருக்கும் மனப்பாடம்: ஒரு மார்க் 15, இரண்டு மார்க் 6, மூன்று மார்க் 6, ஐந்து மார்க் 5, ஆக 70. செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30. புக் பேக் கேள்விகளை உருப்போட்டாலே பாதிக்கு மேல் தேறிவிடும் என்பதால் 'ஏன்' என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிறது. பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் (செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரிய வைத்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது) 20.1, 20.1 என்று ஒத்த அளவு காட்டும் பையனிடம் "கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால்?" என்று கேளுங்கள். "தப்பு சார்" என்பான். எப்படித் தப்பு, எந்தப் பக்கம் தப்பு என்று வராது.

புதுக் கருவி வாங்க வழியில்லை, பாடத்திட்டமும் ஓட வேண்டும். இருக்கிற செய்முறைக்குள்ளேயே, இரண்டு பீரியடுக்குள், பகுத்து யோசிக்க வைக்கும் கேள்விகளை எங்கே செருகலாம்? பொதுவான அறிவுரை வேண்டாம். கரைசல், அளவு, எதிர்பார்க்கும் பதில், பிள்ளைகள் சறுக்கும் இடம் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

---

பியூரெட்முனை எழுதியது:

செருக வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "இந்தத் தவறு நடந்தால் ரீடிங் ஏறுமா, இறங்குமா, மாறாதா? காரணம் சொல்." திசைக் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். மனப்பாடத்தில் இதற்குப் பதில் கிடையாது, கரைசலுக்குள் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆக்ஸாலிக் அமிலம் – பெர்மாங்கனேட்டையே எடுப்போம். 0.1 நார்மல் ஆக்ஸாலிக் என்றால் லிட்டருக்கு 6.3 கிராம் (படிக நீரோடு). 0.1 நார்மல் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்றால் லிட்டருக்கு 3.16 கிராம், அதாவது 0.02 மோலார். பிப்பெட்டில் 20 மி.லி. ஆக்ஸாலிக், அதோடு 20 மி.லி. 2 நார்மல் கந்தக அமிலம், 60 முதல் 70 டிகிரி வரை சூடு. பெர்மாங்கனேட் பியூரெட்டில் (அளவு கோடிட்ட நீளக் குழாய்). செலவான பெர்மாங்கனேட்தான் ரீடிங், அது 20 மி.லி. வர வேண்டும். இனி ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள், காகிதத்தில்தான்.

கூம்புக் குடுவையைத் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு வைத்தால் மாறாது, உள்ளே போன ஆக்ஸாலிக்கின் மோல் எண்ணிக்கை அதேதான். அதே குடுவையை ஆக்ஸாலிக் கரைசலால் கழுவினால் ஏறும். பிப்பெட்டில் தண்ணீர் தங்கியிருந்தால் இறங்கும். பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதித் தள்ளினால் ஏறும். பியூரெட்டை வெறும் தண்ணீரில் கழுவி அப்படியே நிரப்பினால் பெர்மாங்கனேட் நீர்த்துப்போய் ஏறும். பியூரெட் நுனியில் இருந்த காற்றுக் குமிழி நடுவில் வெளியேறினாலும் ஏறும். தலையில் மாட்டிய புனலை எடுக்க மறந்து அதிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தால் இறங்கும். இந்தப் புனல் கேள்வியில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் விழுவார்கள். 'கரைசல் கூடுதலாக வந்தது, அதனால் ஏறும்' என்று எழுதிவிடுவார்கள்.

அடுத்தது பழுப்புக் கலங்கல். அமிலம் போதாவிட்டால் மாங்கனீசு +2 வரை இறங்காமல் +4-இல், மாங்கனீசு டை ஆக்ஸைடாக நின்றுவிடும். ஒரு பெர்மாங்கனேட் 5 எலக்ட்ரான் வாங்க வேண்டிய இடத்தில் 3 மட்டும் வாங்குகிறது. எல்லாமே இப்படி நின்றால் ரீடிங் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 20-ஐ 5-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 33.3 மி.லி. அப்புறம், "உன் ரீடிங் 22.4, பழுப்பு லேசாகத்தான் இருந்தது, இது 33.3-க்குப் பொருந்துகிறதா?" என்று கேட்டால் பகுதி மட்டுமே +4-இல் நின்றது என்று அவர்களே சொல்வார்கள். சமன்பாட்டை எழுதத் தெரிவது ஒன்று, சமன்பாட்டை வைத்து ஒரு தவறான ரீடிங்கை விசாரிக்கத் தெரிவது வேறு.

---

வண்ணாரப்பாளையம் எழுதியது:

நல்ல தொகுப்பு சார். ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் குளோரின் வெளியேறிவிடும், அதனால் ரீடிங் இறங்கும் என்று எழுதினால் சரிதானே?

---

பியூரெட்முனை எழுதியது:

இல்லை, ஏறும். குளோரின் எங்கிருந்து வந்தது? பெர்மாங்கனேட் குளோரைடை ஆக்ஸிஜனேற்றியதால் வந்தது. அந்த வேலைக்கும் பெர்மாங்கனேட் செலவாகிறது, ஆக்ஸாலிக்குக்கு மேல் கூடுதல் செலவு. நைட்ரிக் அமிலம்தான் இறக்கும். அது தானே ஆக்ஸிஜனேற்றி, ஆக்ஸாலிக்கில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். 'கந்தக அமிலம் மட்டும் ஏன்' என்ற பழைய இரண்டு மார்க் கேள்விக்கு உயிர் வரும்.

நீங்கள் செய்த சறுக்கல்தான் பிள்ளைகளும் செய்வது: கண்ணுக்குத் தெரிந்த பொருளை (வாயு வெளியேறுகிறது) பிடித்துக்கொண்டு எலக்ட்ரான் கணக்கை விட்டுவிடுவது.

---

உப்பளம் (புதுச்சேரி) எழுதியது:

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியதிலிருந்து இங்கே இது கட்டாயமாகவே ஆகிவிட்டது. 2024-25 முதல் 11, 12-ஆம் வகுப்புகளில் திறன் சார்ந்த கேள்விகளின் பங்கை 50 சதவீதமாக்கினார்கள். ஆனால் சந்தையில் விற்கிற கேள்வித் தொகுப்புகளில் பெரும்பாலானவை நீளமான பத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டு, கீழே அதே பழைய வரையறையைத்தான் கேட்கின்றன. பத்தி நீளமானால் கேள்வி ஆழமாகிவிடாது.

சூடாக்கும் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸாலிக் சூடு குறைவாக இருந்தால் முதல் சொட்டின் இளஞ்சிவப்பு ஒரு நிமிடம்கூட அப்படியே நிற்கும். அதையே எண்ட் பாயிண்ட் (வினை முடிந்த இடம்) என்று எண்ணி 0.4 மி.லி. என்று எழுதிவருவார்கள். கொஞ்சம் மாங்கனீசு +2 உருவான பிறகு வினை தானாக வேகம் பிடிக்கும், விளைபொருளே வினையூக்கி. "முதல் சொட்டு மறைய 40 நொடி, பத்தாவது சொட்டு மறைய 1 நொடி. கரைசல் இடையில் ஆறிக்கொண்டுதான் வருகிறது, பின் ஏன் வேகம் கூடுகிறது?" என்று கேட்டால் வினைவேகப் பாடம் தரம்பார்த்தலுக்குள் வந்துவிடும். கேள்வியில் 'ஆறிக்கொண்டு வருகிறது' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'சூடானதால்' என்று எழுதித் தப்பித்துவிடுவார்கள்.

அதே பெர்மாங்கனேட்டை ஃபெரஸ் சல்ஃபேட்டோடு தரம்பார்க்கும்போது ஏன் சூடாக்குவதில்லை என்பது ஜோடிக் கேள்வி. வினை குளிரிலேயே வேகமாக நடக்கும். சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ஃபெரஸை ஃபெரிக்காக்கி ரீடிங்கை இறக்கிவிடும்.

---

கெடிலக்கரை எழுதியது:

அமிலத்தின் அளவைப் பற்றி ஒரு சந்தேகம். 20 மி.லி. கந்தக அமிலத்தையும் பிப்பெட்டில் எடுக்க வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 'வேண்டாம், அளவுச் சாடி போதும்' என்று சொல்லிவிடுகிறோம். அதையே கேள்வியாக்க முடியுமா?

---

பியூரெட்முனை எழுதியது:

தாராளமாக. 20 மி.லி. 0.05 மோலார் ஆக்ஸாலிக் என்றால் 1 மில்லிமோல். 5 மோல் ஆக்ஸாலிக் அமிலத்துக்கு வெளியிலிருந்து 6 மோல் ஹைட்ரஜன் அயனி வேண்டும், ஆக இங்கே தேவை 1.2 மில்லிமோல். 20 மி.லி. 2 நார்மல் அமிலம் தருவது 40. முப்பது மடங்குக்கு மேல் உபரி. 'இவ்வளவு உபரி எதற்கு? 18 மி.லி. விழுந்தால் என்ன, 23 மி.லி. விழுந்தால் என்ன?' என்று கேட்டால், எதைத் துல்லியமாக அளக்க வேண்டும், எதை அளக்க வேண்டாம் என்ற தெளிவு வரும். வேதியியலில் பாதிப் புத்தி அதுதான் என்பேன்.

இன்னொன்று, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. பொதுத்தேர்வுச் செய்முறையில் பெர்மாங்கனேட் பெரும்பாலும் இணைப்புக் கரைசல். முதலில் திட்டக் கரைசலோடு (செறிவு தெரிந்தது) ஒரு தரம்பார்த்தல், பிறகு தெரியாத கரைசலோடு இன்னொன்று. "யாரோ பெர்மாங்கனேட் பாட்டிலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். இரண்டு தரம்பார்த்தலையும் அதே பாட்டிலிலிருந்துதான் செய்தாய். கடைசி விடை மாறுமா?" இரண்டு ரீடிங்கும் ஒரே விகிதத்தில் ஏறும், விடை மாறாது. தண்ணீர் விழுந்தது முதல் தரம்பார்த்தலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் என்றால்? இரண்டாவது ரீடிங் மட்டும் ஏறும், தெரியாத கரைசலின் செறிவு கூடுதலாக வரும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிற பிள்ளைக்கு இணைப்புக் கரைசல் என்றால் என்னவென்று இன்னொரு தடவை நடத்த வேண்டாம்.

---

வண்ணாரப்பாளையம் எழுதியது:

சரி, மார்க் எப்படிப் போடுவது? ஏறும், இறங்கும், மாறாது என்று மூன்றே வாய்ப்பு. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் மூன்றில் ஒன்று சரியாகிவிடும்.

---

உப்பளம் எழுதியது:

திசைக்கு மட்டும் மார்க் கொடுக்கவே கூடாது. காரணத்தைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துக் கண்ணிக்கு அரை மார்க். பழுப்புக் கலங்கலுக்கு: அமிலம் குறைவு, மாங்கனீசு +4-இல் நின்றது, ஒரு பெர்மாங்கனேட் 3 எலக்ட்ரான்தான் வாங்கியது, ஆகவே கூடுதல் கரைசல். நாலு கண்ணி, இரண்டு மார்க். திசை தவறாகி மூன்று கண்ணி சரியாக இருந்தாலும் ஒன்றரை கொடுத்துவிடலாம். திசை சரி, காரணம் காலி என்றால் சைபர். முதல் மாதம் புலம்புவார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும் அந்தச் சைபரை.

இன்னொரு விதி: பதிலை வினை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். நோட்டுத் தாளை நாலாகக் கிழித்துக் கொடுத்தால் போதும். பார்த்த பிறகு எழுதச் சொன்னால் எல்லாரும் 'நான் அதைத்தான் நினைத்தேன்' என்பார்கள்.

---

மணிமுத்தாறு எழுதியது:

தரம்பார்த்தலிலேயே நின்றுவிட்டீர்கள். சமநிலைப் பாடத்துக்கு ஒன்று. செலவு ஏறக்குறைய இல்லை.

ஃபெரிக் – தயோசயனேட் சிவப்பு எல்லாருக்கும் தெரியும். வழக்கமாக ஃபெரிக் கூட்டு, சிவப்பு ஏறுகிறது, லீ சாட்லியர் விதி (சமநிலையைக் கலைத்தால் அந்த மாற்றத்தைக் குறைக்கும் பக்கம் நகரும்), முடிந்தது. அதில் யோசிக்க எதுவுமில்லை. மாறாக, தண்ணீர் சேர்த்துப் பாருங்கள்.

0.002 மோலார் ஃபெரிக் நைட்ரேட்டும் 0.002 மோலார் பொட்டாசியம் தயோசயனேட்டும் 10 மி.லி. வீதம் கலந்துகொள்ளுங்கள். ஃபெரிக்கை 0.1 மோலார் நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கரைத்தால் நீராற்பகுப்பு நடந்து மஞ்சள்-பழுப்பு தட்டி ஆட்டத்தைக் கெடுத்துவிடும். ஒரே விட்டமுள்ள இரண்டு சோதனைக் குழாய்களில் 5 மி.லி. வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் அதே நீர்த்த நைட்ரிக் அமிலம் 5 மி.லி. சேர்த்துக் கலக்குங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுத்துத் தெரியும், அது ஆச்சரியமில்லை. இப்போது குழாய்களுக்கு அடியில் வெள்ளைத் தாள் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நீர்ப்பது மட்டும் நடந்திருந்தால் செறிவு பாதி, உயரம் இரட்டை. மேலிருந்து பார்க்கையில் நிறம் மாறக் கூடாது. ஆனால் வெளுத்திருக்கும். சமநிலை மாறிலியைச் சுமார் 140 என்று வைத்துக் கணக்குப் போட்டால் நிறத்துக்குக் காரணமான அயனியின் மொத்த அளவு முன்பிருந்ததில் 56 சதவீதம்தான் மிஞ்சுகிறது. பாக்கி பிரிந்து திரும்பிப் போய்விட்டது. பக்கத்திலேயே நீர்த்த பெர்மாங்கனேட்டை வைத்து இதே மாதிரி நீர்த்துக் காட்டுங்கள். அது மேலிருந்து பார்த்தால் மாறவே மாறாது, அங்கே திரும்பிப் போகச் சமநிலை இல்லை.

பிள்ளைகள் தடுக்குகிற இடம்: 'இரண்டு பக்கமும் சமமாகத்தானே நீர்க்கிறது, சமநிலை ஏன் நகர வேண்டும்?' வினைக் குணகத்தை (விளைபொருளின் செறிவை வினைபடுபொருள்களின் செறிவுகளால் வகுத்தது) எழுதச் சொல்லுங்கள். மேலே ஒரு செறிவு, கீழே இரண்டு செறிவுகளின் பெருக்கல். எல்லாம் பாதியானால் மேலே அரை, கீழே கால். குணகம் மாறிலியைப் போல் இரட்டையாகிவிட்டது. ஆகவே பின்னோக்கி. 'நெருக்கினால் அந்தப் பக்கம் போகும்' என்ற வாய்ப்பாடு இங்கே கை கொடுக்காது, வினைக் குணகம் கொடுக்கும். மாறாத கன அளவில் ஆர்கான் செலுத்தினால் சமநிலை நகராது என்பதும் அதே வழியில் ஒரு வரியில் முடியும்.

---

கெடிலக்கரை எழுதியது:

மேலிருந்து பார்ப்பது அருமை. சோதனைக் குழாயின் அடி உருண்டையாக இருப்பதால் ஏமாற்றாதா?

---

மணிமுத்தாறு எழுதியது:

இரண்டும் ஒரே மாதிரி உருண்டை என்பதால் பெரிய கேடில்லை. தட்டை அடி உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி கிடைத்தால் இன்னும் நல்லது. சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் அடித்தால் குழப்பும். குழாயின் பக்கத்தைக் கறுப்புத் தாளால் சுற்றிவிடுங்கள்.

---

உப்பளம் எழுதியது:

அமிலத்தின் வலிமையையும் செறிவையும் குழப்புகிறவர்களுக்கு: 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் 20 மி.லி., 0.1 மோலார் அசிட்டிக் 20 மி.லி. இரண்டையும் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால், பினாப்தலீன் வைத்து. முன்கூட்டியே எழுதச் சொன்னால் பலரும் அசிட்டிக்குக் குறைவு என்பார்கள், 'வலிமை குறைந்த அமிலமாச்சே'. இரண்டுக்கும் 20 மி.லி.தான். அப்புறம் பினாப்தலீனுக்குப் பதில் மெத்தில் ஆரஞ்சு. அசிட்டிக்கில் 6 மி.லி. சுமாரிலேயே மஞ்சள் வந்துவிடும், அதுவும் பட்டென்று மாறாமல் இழுத்துக்கொண்டே. நிறங்காட்டி சொன்னது பொய்யா, அமிலம் தீர்ந்துவிட்டதா என்று விவாதிக்க விடுங்கள்.

துகள் படம் வரையச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 0.1 மோலார் அசிட்டிக்கில் அயனியாவது 1.3 சதவீதம், சுமார் 75 மூலக்கூறுக்கு ஒன்று. பத்து மூலக்கூறு வரைகிற கட்டத்தில் ஒன்றுகூடப் பிரியாமல் வரைந்தால் அதுதான் சரிக்கு அருகில். மூன்றைப் பிரித்து வரைந்திருக்கும் கரும்பலகைப் படங்கள்தான் தப்பு.

---

தேவனாம்பட்டினம் எழுதியது:

நம்ம ஊர்த் தண்ணீரை விட்டுவிட்டீர்களே. கடற்கரையோர போர்வெல் தண்ணீரை வைத்தே பகுப்பாய்வுக் கேள்வி போடலாம்.

கடினத்தன்மைக்கு 0.01 மோலார் இ.டி.டி.ஏ. (கால்சியம், மெக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் சேர்மம்), லிட்டருக்கு 3.72 கிராம் டைசோடியம் உப்பு. 50 மி.லி. தண்ணீர், அம்மோனியா தாங்கல் கரைசல் 2 மி.லி., நிறங்காட்டியாக எரியோகுரோம் பிளாக் டி. ஒயின் சிவப்பிலிருந்து நீலம். ரீடிங்கை 20-ஆல் பெருக்கினால் கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு மில்லிகிராம். தாங்கல் கரைசல் பழசாகி அம்மோனியா பறந்துபோயிருந்தால் நீலம் வராமல் ஊதாவிலேயே நிற்கும், மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறாவிட்டால் புதிதாகத் தயாரியுங்கள். குளோரைடுக்கு மோர் முறை, அதாவது சில்வர் நைட்ரேட்டால் தரம்பார்ப்பது. சில்வர் நைட்ரேட் விலை கையைக் கடிக்கும், 50-க்குப் பதில் 10 மி.லி. தண்ணீர் எடுத்தாலே போதும்.

அளந்து எழுதுவதோடு விட்டால் அது வெறும் செய்முறை. கேள்வி இப்படி இருக்கட்டும் (எண்கள் கேள்விக்காக வைத்தவை): அ கிணறு: குளோரைடு 420, கடினத்தன்மை 250. ஆ கிணறு: குளோரைடு 90, கடினத்தன்மை 480. கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி., கடினத்தன்மை சுமார் 6,300. எந்தக் கிணற்றில் கடல்நீர் கலந்திருக்க வாய்ப்பு?

கடல்நீர் 2 சதவீதம் கலந்தால் குளோரைடு 380 ஏறும், கடினத்தன்மை 126 ஏறும். மூன்றுக்கு ஒன்று. அ கிணறு அதற்கு ஒத்துவருகிறது. ஆ கிணற்றின் கடினம் சுண்ணாம்பிலிருந்து வந்திருக்கலாம். அதில் கொதிக்க வைத்தால் போகும் கடினம் எவ்வளவு என்று அடுத்து அளக்கச் சொல்லலாம். குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500-இன்படி குளோரைடு ஏற்கத்தக்கது 250, வேறு வழியில்லாவிட்டால் 1,000; கடினத்தன்மை 200, 600. 'எதைக் குடிக்கலாம்?' என்று கேட்டு வாதாட விடுங்கள்.

---

பியூரெட்முனை எழுதியது:

நல்ல கேள்வி, ஆனால் 'அ கிணற்றில் கடல்நீர்' என்ற விடையைச் சரி என்று டிக் அடித்துவிடாதீர்கள். குளோரைடு கழிவுநீரிலிருந்தும் வரும். உண்மையிலேயே கடல்நீர் நுழைந்தாலும் களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விடும், அப்போது கடினத்தன்மை 126-ஐத் தாண்டி ஏறும். ஆகவே மூன்றுக்கு ஒன்று கணக்கு ஒரு துப்பு மட்டும். "உன் முடிவை உறுதி செய்ய இன்னும் எதை அளப்பாய்?" என்பதற்குத்தான் அதிக மார்க் வைக்க வேண்டும். மெக்னீசியத்தைத் தனியே அளக்கலாம் (கடல்நீரில் மோல் கணக்கில் கால்சியத்தைப் போல் ஐந்து மடங்கு), ஐப்பசி–கார்த்திகை மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம், கடலிலிருந்து தள்ளியுள்ள கிணறுகளையும் வரிசையாகப் பார்க்கலாம்.

---

வண்ணாரப்பாளையம் எழுதியது:

கரிம வேதியியலுக்கு யாரும் ஒன்றும் தரவில்லை.

---

மணிமுத்தாறு எழுதியது:

பண்ருட்டி முந்திரி இருக்கிறதே. முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெயில் முக்கியமானது அனகார்டிக் அமிலம், அதாவது சாலிசிலிக் அமிலத்தோடு 15 கார்பன் சங்கிலி ஒட்டிய அமைப்பு. சூடாக்கினால் கார்பன் டை ஆக்ஸைடை இழந்து கார்டனால் ஆகிறது. அமைப்பை வரைந்து கொடுத்து, 'வறுக்கும் முன்னும் பின்னும் எந்தத் தொகுதி மிஞ்சும்? சோடியம் பைகார்பனேட்டோடு எது வினைபுரியும்? நடுநிலை ஃபெரிக் குளோரைடு இரண்டையும் பிரித்துக் காட்டுமா?' என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் பொறி: ஃபீனால் தொகுதி இரண்டிலுமே இருக்கிறது, அந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது.

காகிதத்தில் மட்டும். எண்ணெயை லேபுக்குக் கொண்டுவராதீர்கள், தோலில் பட்டால் கொப்பளித்துவிடும்.

---

கெடிலக்கரை எழுதியது:

கடைசியாக ஒன்று. ஒரு பேட்சுக்கு 25 பேர், இரண்டு பீரியட் சேர்த்து 80 நிமிடம். இத்தனையும் எங்கே அடங்கும்?

---

உப்பளம் எழுதியது:

ஒரு செய்முறைக்கு ஒரு கேள்வி, அதற்கு மேல் வேண்டாம். முதல் 5 நிமிடம் துண்டுத் தாளில் முன்கணிப்பு. தரம்பார்த்தல் வழக்கம்போல் 45 நிமிடம். அதற்குள் துண்டுகளை ஏறும், இறங்கும், மாறாது என்று மூன்று குவியலாகப் பிரித்து வையுங்கள். மீதியில் 15 நிமிடம், குவியலுக்கு ஒருவர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும், ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் அதே துண்டின் பின்பக்கத்தில் திருத்திய காரணம். மார்க் பின்பக்கத்துக்குத்தான். கழுவி அடுக்க 10 நிமிடம் ஒதுக்கிவிடுங்கள், பெர்மாங்கனேட் காய்ந்த பியூரெட்டைத் தேய்ப்பது பெரும் பாடு. பழுப்புக் கறை விடாவிட்டால் மிஞ்சிய ஆக்ஸாலிக்கில் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து ஊற்றி வையுங்கள், போய்விடும். ஏன் போகிறது என்பதை அடுத்த வாரத்துத் துண்டுத் தாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.